நாளொரு பக்கம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் எழுதிய கடிதத்தில், "கல்லூரி நாட்களின் இனிய நினைவுகள் ஏதேனும்" என்றொரு குறிப்பும் இருந்தது. இனிய நினைவுகளை என்னிலும் இனிமையாக எழுதவல்ல மூத்தோர் நம்மிடையே பலர் உளர். அவர்களுடைய பக்கங்களை நான் கவர்ந்துகொள்ள விரும்பவில்லை. தமிழாசிரியன் என்ற முறையில் நெடுநாளாக என் நெஞ்சை உறுத்திவரும் வேறொன்றைச் சொல்லவே இந்த வாய்ப்பைப் பயன்படுத்துகிறேன்.

எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையிலே ஒருநாள் நாவலாசிரியர்களைப் பற்றிப் பேச்செழுந்தது. எழுத்தாளர் ஒருவரின் பெயரைச் சொன்னவுடன் நண்பரொருவர், "அவரா? வருடத்துக்கு மூன்று புத்தகம் போடுகிறவர். அவ்வளவு எழுதினால் அதிலே என்ன இருக்கப்போகிறது?" என்றார். ஏனையோர் தலையசைத்தனர். நானும் தலையசைத்தேன். வீடு திரும்பும்போதுதான் அந்த எழுத்தாளரின் ஒரு நூலையேனும் எங்களில் எவரும் முழுமையாகப் படித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நிறைய எழுதுகிறவன் நன்றாக எழுதமாட்டான் என்பது படித்த தமிழரிடையே வேரூன்றிவிட்ட ஓர் எண்ணம். நாதஸ்வர வித்துவான் ஒருவர் விடியுமுன் எழுந்து நாள்தோறும் சாதகம் செய்கிறார் என்றால் கைகூப்புகிறோம். தச்சன் தினமும் உளி பிடிப்பதால் அவன் செய்யும் கதவு கெட்டுவிடும் என்று எவரும் சொல்வதில்லை. எழுத்துக்கு மட்டும் வேறு நியாயம் பேசுகிறோம். கலைமகள் என்றோ ஒருநாள் கண் திறந்து பார்ப்பாள், அன்றைக்கு ஒரே மூச்சில் காவியம் பிறக்கும் என்று காத்திருக்கிறோம். காத்திருந்து காத்திருந்து நமக்குத் தலை நரைத்ததே மிச்சம். நாவல் என்பது நாட்கூலிபோல நாள்தோறும் செய்யவேண்டிய வேலை என்பதும், அந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்களே அதில் நயத்தையும் கண்டார்கள் என்பதும் என் துணிபு.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஆங்கில நாவலாசிரியர் அந்தனி திரொல்லப். 1815 முதல் 1882 வரை வாழ்ந்தவர். 47 நாவல்கள் எழுதியவர். எழுத்தையே நம்பி வாழ்ந்தவருமல்லர். 1834 முதல் 1867 வரை தபாற் பகுதியிலே உத்தியோகம் பார்த்தவர். கிராமம் கிராமமாகக் குதிரையிற் சென்று கடித விநியோகத்தை மேற்பார்வை செய்த அந்த உத்தியோகத்தருக்கு ஓய்வு நேரம் எங்கிருந்து வந்தது? அவரே தம் சுயசரிதையிற் கணக்குச் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரை மணிக்கு எழுதுமேசையில் அமர்ந்துவிட வேண்டும். தம்மை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்கென்றே வீட்டு வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்து வந்தார். முதல் அரைமணி நேரம் முந்திய நாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பார். படிக்கும்போது வாக்கியங்களின் ஓசை காதிலே சரியாக விழுகிறதா என்று கவனிப்பார். பிறகு மணிக்கூட்டை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல் என்ற அளவில் எழுதுவார். காலை உணவுக்கு உடை மாற்றும் நேரத்துக்குள் அன்றைய எழுத்து முடிந்துவிடும். அதன்பின்னர் அவர் தபாற் பகுதியின் சேவகர்.

ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. எத்தனை நாளில் முடிக்கவேண்டும், இன்று எத்தனை பக்கம் எழுதியாயிற்று என்பனவெல்லாம் அதிலே பதியப்பட்டன. சோம்பியிருந்த நாள் வெறுமையாக நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். 1871 இல் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது, புறப்படுமுன்னரே தம் அறையில் ஒரு மேசை அமைக்கும்படி ஏற்பாடு செய்து, கடற்பயணம் முடிவதற்குள் ஒரு முழு நாவலை எழுதி முடித்தார். அந்தக் கண்டத்துக்கு அவர் மீண்டும் சென்றது 1875 இல். அப்போது வழியில் நம் இலங்கையிலும் இறங்கினார். அக்காலத்துத் தேசாதிபதியான வில்லியம் கிரெகரி அவருடைய பள்ளித் தோழர். பழைய மாணவர் தொடர்பின் பயன் அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது!

இந்தக் கணக்கையெல்லாம் ஒளிக்காமற் சொன்னதற்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது. அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1883 இல், சுயசரிதை வெளிவந்தது. நாவலாசிரியனைச் செருப்புத் தைப்பவனுக்கு ஒப்பிட்டு அவர் பேசியதைப் படித்த இலக்கியச் சுவைஞர் பலர் முகஞ்சுளித்தனர். மணிக்கூட்டைப் பார்த்து எழுதப்பட்டது எப்படி இலக்கியமாகும் என்று கேட்டனர். அவருடைய புகழ் சில காலம் மங்கியே கிடந்தது. எங்கள் ஆசிரியர் அறையிலே நாங்கள் தலையசைத்தோமே, அந்தத் தலையசைப்பு லண்டனிலும் நடந்ததுதான். நாவல்களோ இன்றும் அச்சில் இருக்கின்றன.

இது வெள்ளைக்காரன் கதை, நமக்கு ஒவ்வாது என்பாரும் உளர். அவர்கள் ஜெயமோகனைப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் தொலைபேசித் துறையில் ஊழியராக இருந்துகொண்டே "விஷ்ணுபுரம்" போன்ற பெருநாவலை எழுதியவர் அவர். பின்னர் 2014 ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதத் தொடங்கினார். "வெண்முரசு" என்பது அதன் பெயர். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற முறையில், நூலுக்கும் நூலுக்குமிடையே மட்டும் சிறிது இளைப்பாறி, ஆறரை ஆண்டுகள் எழுதி, 2020 யூலையிலே 26 நூல்களாக நிறைவு செய்தார். 25,000 பக்கங்களுக்கு மேல் வரும் அந்தத் தொடரை எழுதிய காலத்தில் அவர் வேறு வேலையின்றி இருந்தாரல்லர், திரைப்படங்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், நாளை காலை வாசகன் வந்து நிற்பான், அவனுக்கு இன்றிரவுக்குள் அத்தியாயம் ஆயத்தமாக வேண்டும் என்ற நிலையை ஆறரை ஆண்டு தாங்கிய ஒருவரை, "நிறைய எழுதுகிறவர்" என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவதற்கு நாம் யார்?

நாள் தவறாமை மட்டும் போதுமா என்றால், போதாது. கிணற்றிலே ஊற்று இல்லாமல் துலாவை மட்டும் மிதித்து என்ன பயன்? இந்த இடத்தில் நம்மவர் ஒருவரை நினைவுகூர்வது பொருந்தும். நம்மைப்போல ஓர் இந்துக் கல்லூரியிலே, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே படித்தவர். 1941 இல் பிறந்து 2016 இல் மறைந்தவர். க. குணராசா என்ற பெயரைச் சொன்னால் உயர்தர வகுப்பிலே புவியியல் படித்த பழைய மாணவர் பலருக்குப் பாடநூல் நினைவு வரும். செங்கை ஆழியான் என்றால் நாவல் வாசகருக்கு முகம் மலரும். இருவரும் ஒருவரே.

பேராதனையிலே புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பின்னர் அரசாங்க நிர்வாக சேவையிலே சேர்ந்து, வன்னியில் அதிகாரியாக இருந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பதிவாளராகவும் கடமையாற்றியவர் செங்கை ஆழியான். கோப்புகளும் கூட்டங்களும் நிறைந்த அந்த வாழ்க்கையினூடே அவர் எழுதிக் குவித்த நாவல், சிறுகதை, வரலாறு, பாடநூல் ஆகியவற்றை அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும். அவருடைய உத்தியோகம் எழுத்துக்குத் தடையாக நிற்காமல் ஊற்றாக இருந்தது என்பதே நான் சுட்ட விரும்புவது. "வாடைக்காற்று" நெடுந்தீவுக் கடற்கரையிலே வாடி அமைக்க வரும் மீனவரைப் பற்றியது. அந்த நாவலில் காற்று வெறும் வருணனையாக வந்து போவதில்லை. எப்போது மீன்படும், எப்போது மனிதர் வருவர், எப்போது போவர் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. புவியியல் கற்றவன் கை அது. 1973 இல் நூலாக வந்த அந்நாவல் 1978 இல் திரைப்படமாகவும் ஆயிற்று. "காட்டாறு" என்ற நாவலிலே வன்னிக் குடியேற்றக் கிராமத்தின் ஏழை விவசாயியை யார் யார் எப்படிச் சுரண்டுகிறார்கள் என்பது வருகிறது. காணிக் கச்சேரியின் நடைமுறை அறிந்த ஒருவர்க்கே அது கைவரும். "ஆச்சி பயணம் போகிறாள்" முற்றிலும் வேறு. யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தியின் கதிர்காமப் பயணத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது.

இன்னொரு சாதகமும் அவர் செய்தார். ஈழகேசரி, மறுமலர்ச்சி, சுதந்திரன் முதலிய பழைய இதழ்களைத் தேடியெடுத்து, அவற்றில் வந்த சிறுகதைகளைத் தொகுத்து நூல்களாக்கினார். தமக்கு முன் எழுதியவர்களை வரிவரியாகப் படித்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மிகுதியாக எழுதியவற்றில் எல்லாம் மணியாக இருக்குமா? இருக்காது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. கல்கி "பொன்னியின் செல்வ"னை 1950 முதல் 1954 வரை வார இதழிலே, அந்த இதழின் ஆசிரியர் வேலையையும் பார்த்துக்கொண்டே எழுதினார். அதனைச் சேர்த்துப் படிக்கும்போது, சென்ற வாரக் கதையை வாசகனுக்கு நினைவூட்டுவதற்காகவே எழுதிய பக்கங்கள் எவை என்பது தெரிந்துவிடும். திரொல்லப்பின் 47 நாவல்களில் நின்று நிலைப்பன சிலவே. ஆனால் அந்தச் சிலவற்றை மட்டும் எழுதிவிட்டு ஏனையவற்றை எழுதாமல் விட்டிருக்க அவரால் முடிந்திருக்குமா? பத்துப் பாத்தி உழுதவனுக்கே எந்தப் பாத்தியில் மண் நல்லது என்று தெரியவரும்.

இனி, இவையெல்லாம் வரக்காப்பொலையில் இருக்கும் எனக்கு ஏன் பெரிதாகப் படுகின்றன என்பதைச் சொல்லவேண்டும். மலையகத் தமிழர் வாழ்வைச் சொல்லும் நாவல்கள் நமக்கு இல்லாமலில்லை. கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை", சி. வி. வேலுப்பிள்ளையின் "வீடற்றவன்", தெளிவத்தை ஜோசப்பின் "காலங்கள் சாவதில்லை", தி. ஞானசேகரனின் "குருதிமலை" என்று பெருமையோடு எண்ணலாம். ஆயினும் மலையக நாவல் என்றால் பெரும்பாலும் தேயிலைதான். குளிரும் பனியும் கொழுந்துக் கூடையுமே நினைவுக்கு வரும். கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களின் வாழ்க்கை வேறு. இங்கே குளிரில்லை, புழுக்கமும் அட்டையும் உண்டு. லயங்கள் சிதறிக் கிடக்கின்றன. சிங்களக் கிராமம் வேலிக்கு அப்பால் நிற்கிறது. பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் கடையில் ஒரு மொழியும் பேசி வளர்கின்றனர். இதை எவர் எழுதுவார்? கொழும்பிலிருந்து கண்டி வீதி வழியே பஸ்ஸிற் போகிறவர் எழுதமாட்டார். என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்தான் எழுதவேண்டும்.

அப்படி ஒருவன் இருந்தான். "காலைக் காட்சி" என்ற தலைப்பிலே கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். பால்வெட்டுக்குப் போகும் தன் தாயைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். விடியுமுன் அவள் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள். மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. முந்திய வெட்டில் சிரட்டையிலும் கீறலிலும் உறைந்துபோன ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கிற் போட்டுக்கொண்டே நடப்பாள். பட்டையை மெல்லிதாகச் சீவவேண்டும். கத்தி ஆழப் பதிந்தால் மரம் புண்படும், கங்காணி ஏசுவார். இவற்றையெல்லாம் அவன் தாய் பேசும் தமிழிலேயே எழுதியிருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பேர்", "ஒட்டுப்பால்" முதலியவற்றின் கீழே சிவப்புக் கோடிட்டேன். கொச்சை வழக்கு நீக்குக என்று எழுதினேன். கீழ்வானம் சிவத்தல், புள்ளினம் ஆர்த்தல் முதலியவற்றைச் சேர்த்துத் திருத்தி எழுதும்படி பணித்தேன். பணிவுள்ள பிள்ளை, அப்படியே எழுதி வந்தான். கூடுதலாக ஏழு புள்ளி கொடுத்தேன். அதன்பின்னர் அவன் தன் தாயைப் பற்றி எழுதியதேயில்லை.

அந்தப் பிழைக்கு நான் கழுவாய் தேடிக்கொண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு தொடங்கி, பத்தாம் வகுப்பிலே முதற் பாடவேளையின் முதற் பத்து நிமிடத்தை எழுத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். தலைப்புக் கொடுப்பதில்லை. நேற்றுக் கண்ணாற் கண்டது, காதாற் கேட்டது எதுவாயினும் எழுதலாம். திரொல்லப்பைப்போல மணிக்கூடு மேசைமேல் இருக்கும். நான் வாசிப்பேன், புள்ளி போடுவதில்லை, சிவப்பு மையும் எடுப்பதில்லை. முதல் மாதம் எல்லாரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: எழுந்தேன், பல் துலக்கினேன், பாடசாலை வந்தேன். இரண்டாம் மாதம் சலித்துப்போனார்கள். அந்தச் சலிப்புக்குப் பின்னரேதான் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு பெண், பாட்டி வெற்றிலை இடிக்கும் ஓசையைப் பற்றி மூன்று நாள் தொடர்ந்து எழுதினாள். மூன்றாம் நாள் எழுதியது முதல் நாளையதைவிட நன்றாயிருந்தது. இதை நான் எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் படித்ததில்லை.

பாடத்திட்டம் முடியவில்லையே என்று கேட்பாருண்டு. பத்து நிமிடம் வீதம் வாரம் ஐம்பது நிமிடம் போகிறது, அது உண்மைதான். பரீட்சைக்கு மனனம் செய்யவேண்டிய மாதிரிக் கட்டுரைகளில் இரண்டைக் குறைத்தேன். பெறுபேறு வரும்போது என்னைக் கேளுங்கள்.

என் பெட்டியிலும் ஒரு நாவல் கிடக்கிறது. பயிற்சிக் கலாசாலையில் இருந்த நாளிலே தொடங்கியது, 62 பக்கம். நேரம் கிடைக்கட்டும், மனம் வரட்டும் என்று வைத்ததில் ஓரங்களைப் பூச்சி அரித்துவிட்டது. மாணவரை எழுதச் சொல்லிவிட்டு அந்தப் பத்து நிமிடமும் வெறுங்கையோடு நிற்பதற்கு வெட்கமாக இருந்தபடியால், நானும் ஒரு கொப்பி வாங்கி அவர்களோடு உட்கார்ந்து எழுதி வருகிறேன். பழைய 62 பக்கத்தையும் நான் தொடவில்லை. புதிதாகத் தொடங்கினேன்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவிலே கட்டுரைப் போட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுக்கிறோம். ஒரு மணித்தியாலத்தில் எழுதிய ஒரு கட்டுரைக்கு அந்தக் கிண்ணம் போகிறது. இந்த விழா ஆண்டிலிருந்து, ஓராண்டு முழுவதும் நாள் தவறாமல் எழுதி நிரப்பிய கொப்பிக்கு இன்னொரு பரிசு வைக்கவேண்டும். கிண்ணம் வேண்டாம். பத்து நல்ல நாவல்களும் இருபது வெற்றுக் கொப்பிகளும் போதும். கொப்பிகளைப் படித்துத் தேரும் வேலைக்கு ஆளில்லை என்று செயலாளர் சொல்லக்கூடும். விடுமுறையில் வரக்காப்பொலைக்கு அனுப்பி வைத்தால் நான் படிக்கிறேன். பஸ் செலவையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.